மிஷ்கோ என்று எழுதச் சொன்னேன்

பெல்கிரேட், மார்ச் 9

அன்பு மகள் ராஷேலாவுக்கு அப்பா எழுதுவது. மூச்சிரைப்பு ஒன்றைத் தவிர எனக்குக் குறையில்லை, மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் நலமென்று நம்பியே எழுதுகிறேன். முட்டைக்கோஸ் ஊறுகாய் இந்த வருஷமும் போட்டேன், தின்ன ஆளில்லாமல் பாதியைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

போனில் இதைச் சொல்லி முடிக்க என்னால் ஆகாது, அதனால்தான் கடிதம். ஆற்றுக்கு அக்கரையில், பழைய பொருட்காட்சித் திடலில் போர்க்காலத்தில் ஜெர்மானியர்கள் நம் யூதர்களை அடைத்துவைத்த முகாம் இருந்த இடத்தில், நிரந்தர நினைவிடம் கட்டப்போகிறார்கள். செவ்வாய்க்கிழமை திட்டக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். இறந்தவர்களின் பெயர்களெல்லாம் கல்சுவரில் வருமாம். பட்டியலில் உன் பாட்டி பெயர் இருந்தது. அதற்குக் கீழே, ஆண் குழந்தை, பெயர் தெரியவில்லை என்று இருந்தது. அது என் தம்பி, எட்டு மாதக் குழந்தை. அப்பாவை முன்பே கொண்டுபோய்ச் சுட்டுவிட்டார்கள். அம்மாவை முகாமுக்கு வரச்சொன்ன அன்று பக்கத்து வீட்டு மிலேவா என்னைத் தன் பிள்ளையென்று சொல்லி வைத்துக்கொண்டாள், பால்குடியை அம்மா தூக்கிக்கொண்டு போனாள். உனக்கு ஒரு சித்தப்பா இருந்ததை இத்தனை வருஷமாகச் சொல்லாததற்குக் கோபித்துக்கொள்ளாதே, சொல்ல வாய் வரவில்லை.

அவன் பெயர் மிஷ்கோ என்று எழுந்து சொன்னேன், சுண்டெலி என்று அம்மா கொஞ்சிக் கூப்பிட்ட பெயர். அது செல்லப்பேருதானே, பதிவுல என்ன பேரு என்று அதிகாரி கேட்டார். எனக்கு அப்போது ஆறு வயது, வேறு பெயர் தெரியாது. கல்லுல போய் சுண்டெலின்னா வெட்டுறது பெரியவரே, ஒரு காகிதமாவது கொண்டாங்க என்றார். எந்தக் காகிதத்தைக் கொடுப்பேன், உட்கார்ந்துவிட்டேன். அப்போது பின்வரிசையில் தெசாங்கா எழுந்தாள். போருக்குப் பிறகு குடியிருப்பாகிவிட்ட அந்த முகாம் கட்டடத்திலேயே நாற்பது வருஷமாகக் குடியிருப்பவள், வீடு பறிபோகிறதே என்று சண்டைபோட வந்தவள். ஏம்பா, எட்டு மாசப் பிள்ளைய எவ பதிவுப் பேர் சொல்லிக் கூப்பிடுவா, அந்தத் தாய் கடைசியா இதைச் சொல்லித்தானே கொஞ்சியிருப்பா, எழுது, நான் வேணா சாட்சிக் கையெழுத்துப் போடறேன் என்றாள். அதிகாரி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அவள் வீடு என்னாகுமென்று மட்டும் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், எழுபத்தேழு வருஷத்துக்குப் பிறகு. கேட்க வீட்டில் யாரும் இல்லை.

ஆண்டவன் உங்களை எந்தக் குறையும் அண்டாமல் வைத்திருக்கட்டும். அங்கே குளிர்காலம் வருகிறது, கம்பளிச் சட்டையை எடுத்து வை. ஒன்று மறக்காதே, கடிதம் கிடைத்ததும் உன் சித்தப்பாவை ஒருமுறை சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடு, நம் வீட்டில் இரண்டு பேருக்காவது அவனைத் தெரிந்திருக்கட்டும்.

உன் அப்பா,
அவ்ராம் தெமாயோ