பச்சை மையில் இருபத்து மூன்று கையெழுத்து

ஜூலை 28, 1997

மாடு நாலு, ஆடு ஒன்று, கையெழுத்துக்கு வந்தவர்கள் பத்தொன்பது. இது மாட்டாஸ்பத்திரியா, ரெஜிஸ்டர் ஆபீசா? பனச்சமூட்டில் பஸ் இறங்கி என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் கயிறு இல்லை, போட்டோஸ்டாட் காகிதம்தான். ‘உண்மை நகல்’ என்று எழுதிப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு சீல் குத்த கெசட்டட் ஆபீசர் வேண்டும். ஸ்கூல் ஹெட்மாஸ்டரிடம் போனால் ஒறிஜினலைக் காட்டு என்று விரட்டுவார். இந்த விலாசினி டாக்டரிடம் விரட்டு கிடையாது. சாணிக் கையைக் கழுவிவிட்டுப் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

நேசமணி பசுவோடு வந்தாள். சினை ஐந்து மாதம். மஸ்கட்டில் கொத்தனாராக இருக்கும் அவள் புருஷன் வேதமணி அடுத்த மாதம் லீவில் வருகிறானாம். டாக்டருக்கு என்ன கொண்டு வரச் சொல்ல என்று கேட்டாள். பச்சைப் பேனா ஒண்ணு போதும் என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

ஆகஸ்ட் 9

தடுப்பூசி மருந்து வைக்கிற பிரிட்ஜ் மறுபடி மண்டையைப் போட்டது. மேலதிகாரிகளுக்கு நாலாவது கடிதம் எழுதினேன், மலையாளத்தில். ஆபீசுக்கு மலையாளம், டைரிக்குத் தமிழ். பாறசாலையில் தமிழ் வகுப்பில் படித்த குணம். ஆபீசில் எவனுக்கும் இது வாசிக்கத் தெரியாது என்பதும் ஒரு சுகம்தான்.

ஆகஸ்ட் 14

பத்திரிகையில் முதல் பக்கம் முழுக்க எங்கள் எம்.எல்.ஏ. ராஜதாஸ். அவருடைய கணக்கப்பிள்ளை பிணங்கிப் பிரிந்துபோய், ஒரு பெட்டிக் காகிதத்தைப் பத்திரிகைக்காரர்களிடம் கொடுத்துவிட்டான். எங்கோ கடலுக்கு நடுவில் ஒரு தீவாம். அங்கே வரி கிடையாது, யார் பணம் என்று கேள்வியும் கிடையாது. அந்தத் தீவில் இருபத்து மூன்று கம்பெனி. இங்கே ஊரை அடித்து வாங்கினது அங்கே போய், குளித்து உடுத்து, வெளிநாட்டு முதலீடு என்று புதுப்பெயரோடு திரும்பி வந்து, கள்ளிக்காட்டுப் பக்கம் ரப்பர் தோட்டமாகவும் திருவனந்தபுரத்தில் ஓட்டலாகவும் நிற்கிறது. ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. காகிதத்தில் எல்லாவற்றுக்கும் முதலாளிகள், அரபு நாட்டுக்கு வேலைக்குப் போன எங்கள் ஊர் கல்ப்காரர்கள். கொத்தனார், டிரைவர், சமையல்காரன்.

நல்லா வேணும் என்று சத்தமாகவே சொன்னேன். அப்புறம்தான் கீழே இருந்த படத்தைப் பார்த்தேன். ஒரு பாஸ்போர்ட் நகல். வேதமணியுடையது. மூலையில் சீல். எனக்க சீல். எனக்க கையெழுத்து.

பத்திரிகையை மடித்து மருந்து அலமாரிக்குப் பின்னால் சொருகினேன். என்னத்துக்கு? ஊர் முழுக்க அதே பத்திரிகைதானே கிடக்கு.

ஆகஸ்ட் 15

ஸ்கூலில் கொடியேற்றினது யார் தெரியுமா? ராஜதாஸ். பிள்ளைகளிடம் நேர்மையைப் பற்றி அரைமணி நேரம். வெக்கங்கெட்ட ஜென்மம். மிட்டாயும் அவர் உபயம்தான்.

ஆகஸ்ட் 21

வேதமணி வந்துவிட்டான். ஏர்போர்ட்டிலேயே பிடித்து வைத்து, ஒரு பகல் முழுக்க விசாரித்து, பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டுதான் வெளியே விட்டார்களாம். அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் மஸ்கட்டில் போய் இறங்காவிட்டால் விசா போச்சு, வேலையும் போச்சு. பதினொரு வருஷத்து வேலை.

நேசமணி இன்று பசு இல்லாமல் வந்தாள். "டாக்டரே, அவிய எந்தத் தீவையும் கண்டதில்ல. கம்பெனின்னா அவியளுக்கு சிமென்டுக் கம்பெனி மட்டும்தான் தெரியும்" என்றாள். அழாதே மக்கா என்றேன். வேறு என்ன சொல்ல? அந்தச் சீலைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 3

செல்லசாமி வந்தான். ராஜதாசின் வலதுகை. வெள்ளைச் சட்டை, மூலவியாதி மருந்து விளம்பரத்தில் வருகிறவன் போல ஒரு சிரிப்பு. விசாரணை ஆபீசிலிருந்து எனக்குக் கடிதம் வருமாம். நான் பயப்படவே வேண்டாமாம். "ஒறிஜினல் பாத்தேன், ஆளுகளும் நேர்ல வந்தாவன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும் டாக்டரே. உங்களுக்கும் கேடில்ல, சாருக்கும் கேடில்ல."

வேதமணி தானே நேரில் வந்து கொடுத்தான் என்று ஆகிவிடுமே, அவனுக்கு?

அவனுக்கென்ன, கேஸ் நாலஞ்சு வருஷம் போகும், பிறகு தள்ளுபடி ஆயிரும் என்றான். நாலஞ்சு வருஷம்! அவன் பிள்ளைகள் அதுவரை என்னத்தைத் தின்னும், தீவில் விளையுற காற்றையா? எலே, எழும்பிப் போலே வெளிய என்று கத்திவிட்டேன். காத்திருந்த ஆட்டுக்காரி பயந்து எழுந்து நின்றாள்.

அவன் அசையவில்லை. மெதுவாக எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வயநாட்டுக் குளிரு மறந்திருக்காது இல்லியா டாக்டரே" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அதைப் பற்றி இப்போ எழுத மனசில்லை.

செப்டம்பர் 4

தாணுவிடம் சொன்னேன். கட்டின புருஷன், தாலுகா ஆபீசில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவர். நீ மாட்டை நோக்கினாப் போதும் என்கிறார். ஒரு வரிதானே, எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கு என்கிறார். அவர் தட்டில் மீன் குழம்பை ஊற்றின வேகத்தில் சட்டையெல்லாம் தெறித்தது. தெறிக்கட்டும்.

செப்டம்பர் 12

மறைத்த பணத்தை டிசம்பருக்குள் சொல்லிவிட்டால் நூற்றுக்கு முப்பது கட்டினால் போதும், மீதி அவனவனுக்கே என்று டெல்லியில் ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். பசு வாங்கின லோனுக்கு ஒரு தவணை தப்பினால் வீட்டு வாசலில் ஜீப் நிற்கும்.

செப்டம்பர் 20

இதை எழுத வேண்டும்.

மதியம் வேதமணியே வந்தான். ஆஸ்பத்திரி பெஞ்சில், மாடு கொண்டு வந்தவன் போல ஓரமாக உட்கார்ந்திருந்தான். கையில் சின்னப் பெட்டி. உள்ளே பச்சைப் பேனா, பொன் நிற மூடி போட்டது. "நீங்க கேட்டதாட்டு அவ எழுதியிருந்தா" என்று நீட்டினான்.

சண்டை பிடித்திருந்தால் சமாளித்திருப்பேன். அவன் மரியாதையாகத்தான் கேட்டான். கல்ப்காரர் சங்கத்தில் பென்ஷன் தருவார்கள் என்று செல்லசாமி சொன்னதை நம்பித் தபாலில் ஒரு நகல் அனுப்பினானாம், தொண்ணூற்று நாலில். "அந்த வருஷம் நான் ஊருக்கே வரல்ல டாக்டரே. பாஸ்போர்ட்டு முதலாளிக்க அலமாரியில ஆக்கும் இருந்தது. பின்ன நீங்க ஒறிஜினலை எப்படிப் பாத்தீங்க?"

நான் என்ன செய்தேன்? அவன்மேல் பாய்ந்தேன். வருகிறவன் போகிறவன் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வேறு வேலை இல்லையா, உங்களுக்கெல்லாம் உபகாரம் செய்யப் போய்த்தானே இந்தக் கதி என்று கத்தினேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, வாறேன் டாக்டரே என்று போய்விட்டான்.

தோள்பட்டை வரை கையை விட்டு, கன்று உண்டா இல்லையா என்று தடவிப் பார்த்துத்தான் சினை என்று எழுதுகிறவள் நான். ஒரு காகிதத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 21

டிரங்குப் பெட்டியிலிருந்து 1994 டைரியை எடுத்தேன். பார்த்து எழுதுகிறேன், அப்படியே:

‘அக்டோபர் 6. வயநாட்டிலிருந்து மாற்றல் உத்தரவு வந்துவிட்டது! ராஜதாஸ் சார் ஒரே போனில் முடித்துவிட்டார். தாணு அவர் வீட்டுக்கு ஏத்தன் வாழைக்குலை கொண்டு போனார்.’

‘அக்டோபர் 19. செல்லசாமி வந்தான். ராஜதாஸ் சார் கொடுத்தனுப்பின பாஸ்போர்ட் நகல் 23. ஒறிஜினல் இல்லை. கேட்கவில்லை. எப்படிக் கேட்க?’

உபகாரமாம். ஊருக்கு உபகாரம் செய்யப் போன புண்ணியவதி. ஐந்து வருஷம் வயநாட்டில் கிடந்து அழுதேன், ஊருக்கு வர ஒரு உத்தரவு கிடைத்தது, பதின்மூன்றே நாளில் அதற்குக் கூலி கேட்டு வந்தான், கொடுத்தேன். அவ்வளவுதானே விலாசினி? இந்த ஒன்றரை மாதமாக யாரை ஏசிக்கொண்டிருந்தாய்?

அக்டோபர் 8

திருவனந்தபுரம். விசாரணை ஆபீசரிடம் உள்ளதைச் சொன்னேன். இருபத்து மூன்றில் ஒரு ஒறிஜினல்கூடப் பார்க்கவில்லை, ஒரு ஆளும் வரவில்லை, மொத்தமாகக் கொண்டு வந்தது செல்லசாமி.

அந்த மனுஷன் நம்பவில்லை! நேசமணி என் வீட்டுக்குப் பால் கொடுக்கிறவள் என்பதுவரை விசாரித்து வைத்திருக்கிறார். பரிதாபப்பட்டு இப்போது மாற்றிச் சொல்கிறேனாம். அன்றைக்கே பார்க்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில், அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்படியென்றால் கொண்டு வாருங்கள் என்றார். அந்த ஒரு தாளைக் கிழித்துத் தரட்டுமா என்றேன். கிழித்த தாள் செல்லாது, புத்தகம் முழுசாக வேண்டும்.

அக்டோபர் 10

அந்த வருஷம் முழுவதும் அதில் கிடக்கு. ஏழு வாரத்தில் கலைந்துபோன பிள்ளை. தாணுவுக்க அம்மையை நான் ஏசினது. டைரக்டரைக் கழுதை என்று எழுதினது மூன்று இடத்தில். எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஆறாம் தேதி, பத்தொன்பதாம் தேதி. கையெழுத்துக்குக் கூலி வாங்கினவள் என்று நானே நிரூபித்துக் கொடுக்க வேண்டும்.

தாணு டைரியை அடுப்பில் வைக்கச் சொன்னார். சொன்னதோடு விட்டாரா, கையிலிருந்து பிடுங்கவும் வந்தார். வாழைக்குலை சுமந்தது அவர்தானே, பயம் இருக்காதா? "நீயும் முங்குவே, என்னையும் முக்குவே" என்றார். நீங்க நீந்திக் கரையேறுங்க என்றேன். அதற்குப் பிறகு பேச்சில்லை.

அக்டோபர் 13

கொடுத்துவிட்டேன். ரசீது தந்தார்கள்: ‘பழைய டைரி ஒன்று, பச்சை அட்டை.’

மலையாளத்தில் பெயர்த்தெழுத நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு தமிழ் வாத்தியாரை வைக்கிறார்களாம். யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்று எழுதினதை ஒருவர் சம்பளம் வாங்கி வாசிக்கப் போகிறார். நல்லா வாசிக்கட்டும். பஸ் பாறசாலை வருகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 24

சஸ்பென்ஷன். ஆபீஸ் சீலையும் வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டுத்தான் ஒப்படைத்தேன்.

அக்டோபர் 29

வேதமணி போய்விட்டான். முந்தாநாள்தான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது, டிக்கெட்டுக்கு நேசமணி வளையலை வைத்தாள். மற்ற இருபத்திரண்டு பேரையும் சாட்சிகளாக மாற்றிவிட்டார்களாம். ஏர்போர்ட் போகிற வழியில் என் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி இறங்கினான். அன்றைக்குக் கத்தினதுக்கு மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தேன், நேரமாச்சு டாக்டரே என்று சொல்லி என் கையைப் பிடித்துவிட்டுப் போனான். ஜீப் திரும்பினதும் அழுதேன்.

நவம்பர் 16

பனச்சமூட்டில் ராஜதாசுக்கு வரவேற்பு. பஸ் எல்லாம் அரைமணி நேரம் நின்றது. பழிவாங்கல், சதி, ஏழைகளின் தோழனை எதிரிகள் வீழ்த்தப் பார்க்கிறார்கள் என்று மைக்கில் முழக்கம். ரப்பர் தோட்டத்தைச் சர்க்கார் பூட்டி சீல் வைத்திருக்கிறது, கேஸ் நடக்கிறது, ஆளுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. மாலை போட வரிசை. அந்த வரிசையில் என்னிடம் கையெழுத்து வாங்கினவர்கள் எத்தனை பேர்! இந்த மக்களை என்ன செய்ய? மீன் வாங்காமலேயே திரும்பி வந்தேன்.

நவம்பர் 30

நேசமணியின் பசு ஈன்றது. கன்றுக்கு ஒரு கால் மடங்கிக் கிடந்தது, கூப்பிட்டாள், போனேன். சஸ்பென்ஷனில் இருக்கிறவள் தொடலாமா என்று பசு கேட்கவில்லை. கிடாரிக் கன்று. நலம்.

டிசம்பர் 22

வேலையில் திரும்பச் சேர்த்து உத்தரவு வந்தது. இரண்டு இன்கிரிமென்ட் வெட்டு. போஸ்டிங், வயநாடு. பழைய அதே ஆஸ்பத்திரி.

தாணு இரண்டு தடவை வாசித்துவிட்டு, ராஜதாசைப் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டார்! இரண்டு மாதத்துக்குப் பிறகு பேசின முதல் பேச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. குலை வெட்டிய வாழைக்கு அடுத்த கன்று வளரட்டும், அதுவரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

ஜனவரி 19, 1998

வயநாடு. நல்ல குளிர், விரல் மடங்க மறுக்கிறது. மாடு ஆறு, கையெழுத்துக்கு ஒரே ஒரு ஆள். மகளின் சர்டிபிகேட் நகல் கொண்டு வந்தார். ஒறிஜினல் எங்கே என்றேன். வீட்டில் இருக்கு, எட்டு மைல் என்றார். முன்பிருந்த டாக்டர் கேட்டதே இல்லை என்றார். போய் எடுத்து வாருங்கள் என்றேன்.

முனகிக்கொண்டே போனார். மூன்று மணிக்குத் திரும்பி வந்தார், முழங்கால் வரை செம்மண் தூசி. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். வேதமணி தந்த பேனாவில் கையெழுத்துப் போட்டேன்.

படி இறங்கும்போது என் காதில் விழட்டும் என்றே ஏசினார், அகங்காரம் பிடித்தவளாம். போகட்டும். பிரிட்ஜ் இங்கேயும் ஓடவில்லை, நாளைக் காலையில் கடிதம் எழுத வேண்டும்.