சுவருக்கு அந்தப் பக்கம் போன பேச்சு

இன்று காலை ஏழேகாலுக்கு வேனுக்காக நின்றிருந்தபோது, பள்ளிக்கூடத்துச் சமையலறையிலிருந்து ரவா கிச்சடி தாளிக்கும் வாசனை வந்தது. உன் மகள் கயல் படிக்கும் பள்ளி. நீயும் நானும் படித்த பள்ளி. என் மகள் ஹர்ஷிகா படிக்காத பள்ளி. காலைச் சிற்றுண்டி போட ஆரம்பித்ததிலிருந்து இந்த நேரத்துக்கு அந்த வாசனை பனியோடு சேர்ந்து சாலைக்கு இறங்கி வந்துவிடுகிறது. ஹர்ஷிகாவின் கையில் வழக்கம்போல் ஓர் எலுமிச்சம்பழம். ஊட்டி வரைக்கும் உள்ள வளைவுகளில் வாந்தி வராமலிருக்க மூக்கருகே பிடித்துக்கொள்ளச் சொல்லி அவள் அம்மா கொடுப்பது. அவள் பழத்தை விலக்கினாள், கண்ணை மூடிக் கிச்சடி வாசனையை ஒருமுறை ஆழமாக இழுத்தாள், பிறகு பழத்தை மறுபடியும் மூக்கருகே வைத்துக்கொண்டாள்.

உன் ஞாபகம் வந்தது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. போனவர்களுக்கு எழுதும் மடலை அன்பு பெருகி எழுதுவதுதான் முறை. நான் பொறாமையில் எழுதுகிறேன். செத்துப்போனவன் மேல் பொறாமைப்படுவது நாகரிகமில்லைதான். ஆனால் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து பழகிவிட்டேன். எதையும் எழுத்தில் கொடுத்தால்தான் எனக்கு நிம்மதி.

நம் பள்ளிக்கூடத்தில் நான் முதல் ரேங்க். நீ கடைசி பெஞ்சில் ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிந்தது என்று ஒருநாள் கேட்டேன். "லாரி போறது தெரியும்டா" என்றாய். நீ லாரி ஓட்டினாய், சிறு தோட்டக்காரர்களிடம் பச்சை இலை எடுத்துவந்து தொழிற்சாலையில் இறக்கினாய். அந்த இலையை நான் பதிவேட்டில் எழுதினேன். கிடைத்த வாடகை வீடும் ஒரே கூரையின் கீழே, நடுவில் ஒற்றைச் சுவர் வைத்த இரட்டை வீடு. என்னைவிடக் குறைவாகப் படித்தவன் என்னைவிட நன்றாகத் தூங்குகிறான் என்பதை அந்தச் சுவர் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். அவ்வளவு சத்தமான குறட்டை.

நம் பெண்கள் இருவருக்கும் ஒரே வயது. ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை வந்தபோது, ஊட்டியில் ஒரு பெயர் போன ஆங்கிலப் பள்ளிக்கு நான் விண்ணப்பம் வாங்கி வந்தேன். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"என்றா இது, எனக்கு லைசென்ஸ் எடுக்கறப்பக்கூட இத்தனை பக்கம் குடுக்கல. ஒண்ணாங்கிளாஸ் படிக்க ஊட்டி வரைக்கும் போவோணுமா?"

"தரம்னு ஒண்ணு இருக்குதுடா."

"இருக்கட்டும். அது காலைல ஆறு மணிக்கே எந்திரிக்கச் சொல்லுதே."

நேர்முகத் தேர்வில் முதல்வர் அம்மா ஹர்ஷிகாவிடம் ஆப்பிளின் நிறம் கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து, வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்றார். நான் படித்த புத்தகங்களின் பட்டியலோடு போயிருந்தேன். அதை அவர் கேட்கவில்லை. பதற்றத்தில், "இங்கிலீஷ் ஒன்லி, மேடம்" என்றேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேருந்தில் நம் இடத்தில் துண்டு போட்டவனைப் பார்ப்போமே, அந்தப் பார்வை. இடம் கிடைத்துவிட்டது. சொன்ன பொய்யை உண்மையாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விதிகளை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். மாலை நாலரையிலிருந்து தூங்கப் போகும்வரை வீட்டில் ஆங்கிலம் மட்டும். என் மனைவி தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குத் தெரிந்தது, ஆள் கணக்கெடுக்க மஸ்டர், இலை நிறுக்க வெய்மெண்ட் என்ற தோட்டத்து ஆங்கிலம். விதி மாலைக்குத்தான் என்றாலும் காலையிலேயே "மஸ்டர் டைம்!" என்று மகளை எழுப்பினாள். சோறு போட்டுவிட்டு "வெய்மெண்ட் ஓகே?" என்றாள். பிள்ளை அடம் பிடித்தால் "ஹாஃப் டே கட்." என் பங்குக்கு நான் தினமும் "ஸ்கூல் ஹௌ?" என்பேன். "ஃபைன்" என்பாள் ஹர்ஷிகா. ஒரு வருடம் முழுக்க என் மகளிடமிருந்து எனக்குக் கிடைத்த சொல் அது ஒன்றுதான். ஒரு சொல்லானாலும் உச்சரிப்பு சுத்தம் என்று நான் பெருமைப்பட்டேன்.

இதற்கிடையில் உன்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவராக்கிவிட்டார்கள். தலைவராகப் பெற்றோரில் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்பது விதியாம். பதினைந்து பிள்ளைகள், இரண்டு டீச்சர், ஒரு தலைவர். தண்ணீர்த் தொட்டியை உன் லாரியில் ஏற்றி வந்தாய். சத்துணவு அக்கா லீவு என்றால் நீ போய் முட்டை உரித்தாய். ஆண்டு விழாவில் உன்னை மேடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டு போர்த்தினார்கள். ஊரிலேயே அதிகம் படித்தவனான நான், கைக்குழந்தைகளோடு வந்தவர்களுக்கு நடுவே கீழே உட்கார்ந்திருந்தேன். கயல் செய்தித்தாளை எடுத்து ஒரு பத்தியைத் தங்குதடையில்லாமல் வாசித்தாள். நீ கேட்டு ஆச்சரியப்பட்டு வாயைத் திறந்தாய், மூடவேயில்லை. என் மகளின் ஆண்டு விழா அடுத்த வாரம் வந்தது. மூன்றாவது வரிசையில் அவள் மேகமாக நின்றாள். முன்னால் இரண்டு மரங்கள் மறைத்துக்கொண்டிருந்தன.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு மாலை அந்தச் சுவர் வழியாக ஹர்ஷிகாவின் குரல் கேட்டது. கடைசி நடை முடித்து ஆறு மணிக்கு நீ வந்ததும் அவள் உன் வீட்டுக்கு ஓடிவிடுவாள். கயலோடு விளையாடப் போகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"மாமா, இன்னிக்கு வேன்ல நிவின் என்ற ஷூ மேல வாந்தி எடுத்துட்டான்."

"அப்பொறம்?"

"அதப் பாத்து எனக்கும் வந்துருச்சு. அவன் ஷூ மேல எடுத்துட்டேன்."

"செரி, யாருக்கும் பாக்கியில்ல. அப்பொறம்?"

நான் எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் வைத்துக் காதை ஒட்டினேன். பெற்ற மகளை இப்படித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"தமிழ்ல பேசுனேன்னு இன்னிக்கு வெளிய நிக்க வெச்சுட்டாங்க மாமா."

"அப்படி என்ன பேசுன, அம்மிணி?"

"கீர்த்திக்கு மூக்கு ஒழுகுச்சு. தொடைச்சுக்கோடின்னேன். இங்கிலீஷ்ல யோசிச்சுச் சொல்றதுக்குள்ள வாய்க்குள்ள போயிருமுல்ல?"

நீ சிரித்த சிரிப்பில் சுவர் அதிர்ந்தது. டம்ளருக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அப்பாகிட்டச் சொல்லீராதீங்க."

நான் டம்ளரோடு உன் வீட்டு வாசலுக்கு வந்தேன்.

"அவகிட்ட இங்கிலீஷ்ல பேசுடா. இல்லீன்னா பேசாத."

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷு ஸ்டார்ட்டு, பிரேக்கு, ரிவர்ஸு. வேணும்னா ரிவர்ஸ்ல பேசட்டா?"

"வெளையாடாத. அவ எதிர்காலம்டா இது."

"அது வர்றப்ப வரட்டும். இன்னிக்கு நடந்தத இன்னிக்குக் கேக்க வேண்டாமா?"

"இனி அவ இங்க வரமாட்டா" என்றேன். நீ கோபப்படவில்லை. வர்க்கி பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினாய். நான் எடுக்கவில்லை. அன்று சுட்ட வர்க்கி.

ஒரு மாதம் ஹர்ஷிகா வீட்டில் உட்கார்ந்து "ஃபைன்" சொன்னாள். பிறகு அதையும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள். பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு டீச்சர், பிள்ளை ரொம்ப அமைதியாக இருக்கிறாள், வீட்டில் நிறையப் பேசவிடுங்கள் என்று டைரியில் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் பேருந்து மஞ்சூர் நிறுத்தத்துக்கு வந்தது. இறங்கும்போது என் மனைவி சொன்னாள்: "புள்ளை பேசறதுக்கு ஒரு ஊடு வேணுமுங்க. நம்முளுத நீங்க ஆபீஸ் ஆக்கிப்போட்டீங்க."

அன்று மாலை ஹர்ஷிகாவைப் போகவிட்டேன். நல்ல மனதால் அல்ல. டீச்சர் எழுத்தில் கொடுத்திருந்தார். நீ கதவைத் திறந்து, "வா அம்மிணி, லீவு முடிஞ்சுதா?" என்றாய். அரை மணி நேரம் அவள் மூச்சுவிடாமல் பேசினாள். ஒரு மாதத்துப் பேச்சு. நான் டம்ளரை எடுக்கவில்லை. இல்லாமலே எல்லாம் கேட்டது.

ஐப்பசி மழையில் பிக்கட்டிப் பக்கம் இலை எடுக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். வண்டியை ஓரம் கட்டி, பின்சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாயாம். ஜீப்பில் ஊட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நீ இருக்கவில்லை.

அன்று நாலரைக்கு வேன் வந்தது. நான் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். அலுவலகத்தில் சாவுக்கு நாங்கள் எழுதும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். அது வாயில் வரவில்லை. "கண்ணு, மாமா செத்துப்போயிட்டாரு" என்றேன். ஒரு வருடத்துக்கும் மேலாக நாலரை மணிக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அது.

அவள் அழவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அப்ப, இன்னிக்கு நடந்தத நான் யாருகிட்டச் சொல்றது?"

நான் அவளுக்கு ஓரடி தூரத்தில், அவள் பையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன். உன் வீட்டில் உன்னைக் கிடத்துவதற்கு இடம் ஒழித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு வந்தது துக்கம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். முதலில் வந்தது அதில்லை.

குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த விதிகளை என் மனைவி மறுநாள் வெந்நீர் அடுப்பில் போட்டாள். நான் தடுக்கவில்லை. ஆனாலும் ஹர்ஷிகா என்னிடம் வந்து பேசிவிடவில்லை. மாலையானால் உன் வீட்டுக்குத்தான் போனாள். உன் படத்துக்கு முன்னால் நின்று, வேனில் நடந்தது, வகுப்பில் நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். உன் மனைவி சமையலை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாளாம். மனிதனோடு போட்டி போட்டுத் தோற்றவர்கள் உலகத்தில் நிறையப் பேர். நான் மாலை போட்ட படத்தோடு போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தேன்.

வரும் ஜூனில் பிள்ளையை நம் ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிடலாம் என்கிறாள் என் மனைவி. சேர்த்தால் நீ ஜெயித்ததாக ஆகிவிடும். ஜெயித்ததைப் பார்க்க நீ இல்லை என்பதால்தான் இன்னும் யோசிக்கிறேனோ என்னவோ. நீ இருந்திருந்தால் வீம்புக்காவது ஒரு முடிவு எடுத்திருப்பேன்.

போன வாரம் மழை தூறிக்கொண்டிருந்தது. ஹர்ஷிகா சமையலறையில் உட்கார்ந்து ஷூவிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. அவளாகவே, ஷூவைப் பார்த்துக்கொண்டே, டீச்சரின் குடை காற்றில் பறந்து கூரை மேல் போய் உட்கார்ந்த கதையை ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தினாள். நான் அவசரமாக, "அப்பொறம்?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "மாமா மாதிரிக் கேக்காதீங்கப்பா. அது மாமாவோடது."

"பின்ன எப்படிக் கேக்கறது?"

"நீங்க சும்மா இருங்க. நானே சொல்றேன்."

சும்மா இருந்தேன். அது எவ்வளவு கடினமான வேலை என்று நீ என்னிடம் சொன்னதேயில்லை. குடையை எடுக்க வாட்ச்மேன் ஏணி போட்டது, ஏணி வழுக்கியது, முதல்வர் அம்மா பதறித் தமிழில் கத்தியது எல்லாம் வந்தது. முடித்துவிட்டு அவள் எழுந்து ஷூவை அலமாரி அடியில் வைத்தாள். "இத மாமாகிட்டயும் சொல்லோணும். இன்னிக்கு மழை, நாளைக்குப் போறேன்" என்றாள்.

அன்றிலிருந்து இதை மட்டும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அலுவலகத்திலும், பேருந்திலும், வேன் நிறுத்தத்திலும். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உனக்குத் தெரிய வேண்டும். அந்தக் கதையை அவள் முதலில் என்னிடம் சொன்னாள். உனக்கு மறுநாள்தான்.