மயில்கழுத்து நிறம்

ஞாயிறு, இரவு

மயிலாப்பூர் மண்டபத்தில் இன்று ரிசப்ஷன். கேட்டரிங்கில் பரிமாறும் எங்களுக்குக் கொடுத்த யூனிஃபார்ம் புடவையின் மயில்கழுத்து நிறத்தையே மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் பேசிவைத்துக் கட்டியிருந்தார்கள். அவர்களுடையது பட்டு, எங்களுடையது பாலியெஸ்டர்.

குச்சி குத்திய பனீர்த் துண்டுகளை எல்லோருக்கும் நீட்டிவிட்டு, காலித் தட்டை மேசையில் வைத்தேன். ஒரு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ மாப்பிள்ளைக்குத் தங்கையா? மூக்கும் முழியுமா இருக்கியே! என் பிள்ளைக்குப் பாத்துண்டிருக்கேன்."

நான் வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் அக்கா வந்துவிட்டாள். "ஐயோ மாமி, அவ சர்வ் பண்ற பொண்ணு!"

மாமி என்னைப் பிடித்த கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். விரல் விரலாக.

அக்கா எங்கள் சூப்பர்வைசரிடம் போய்க் கத்தினாள். அவர் என்னிடம் வந்தார். "இன்னாம்மா நீ? மேல ஏப்ரன் கட்டிக்கினு அவங்களாண்ட போய் சாரி கேளு. இல்லாங்காட்டி நாளைக்கு வேலைக்கு வராத."

ஏப்ரன் கட்டிக்கொண்டேன். தட்டை நிரப்பிக்கொண்டு நேராக மாமியிடம் போனேன்.

"இன்னொண்ணு எடுத்துக்கோங்க மாமி. எல்லாத்துக்கும் குச்சி குத்தினது நான்தான், இதே கையால."

அவர் வாயில் ஏற்கெனவே ஒரு துண்டு இருந்தது. மெல்லுவது நின்றது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

வேலை போய்விட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உப்பிய கன்னத்தை நினைத்தால் சிரிப்பும் வருகிறது.