கருவாட்டுத் தண்ணீர் குடித்த பவழமல்லி

அன்பு மகள் மாரிச்செல்விக்கு அம்மா முத்தழகு எழுதுவது. நானும் உன் மகள் சத்யப்பிரியாவும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் உன் உடம்பும் வேலையும் குறைவில்லாமல் இருக்க உப்பூர்ப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது கேட்பாய், நடுவில் அழுவாய், நடந்தது நடந்தபடி வராது. அதனால் லீவு முடிந்து அங்கே திரும்புகிற இமானுவேல் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி, உன் பவழமல்லி பிழைத்துவிட்டது. இன்றைக்குக் காலையில் மூன்று பூ உதிர்த்திருக்கிறது.

பிழைத்துவிட்டது என்றால் அதற்கு என்ன ஆனது என்று கேட்பாய். ஆனி மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் உனக்குக் காட்டியது நம் மரமே இல்லை, முனீஸ்வரன் வீட்டுக் கொல்லையில் நிற்கிற மரத்தின் கொப்பு. போனைக் கிட்டத்தில் பிடி, தொட்டி இல்லாதது தெரியக்கூடாது என்று சத்யப்பிரியாவிடம் சொல்லிவைத்தது நான்தான், பிள்ளையைத் திட்டாதே. நம் மரம் அப்போது இலையெல்லாம் ஓரம் கருகி, சுருண்டு, கொட்டி, விளக்குமாறு மாதிரி நின்றது. உன்னிடம் எப்படிச் சொல்வேன். புருஷன் வீட்டிலிருந்து நீ வந்த அன்று ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் இந்தச் செடி, வேறு ஒரு பாத்திரம் பண்டம் இல்லை. போகும்போது, அம்மா இதை மட்டும் பார்த்துக்கொள் என்றுதானே சொல்லிவிட்டுப் போனாய். பிள்ளையைக்கூட அப்படிச் சொல்லவில்லை.

தப்பு என்னுடையது. மீன் கழுவின தண்ணீரை ஊற்றினால் மரம் நன்றாக வரும் என்று வருஷக்கணக்காக ஊற்றி வந்தேன், நன்றாகத்தான் வந்தது. இந்தச் சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது, படகு கடலுக்குப் போகவில்லை, இரண்டு மாதமும் வீட்டில் கருவாடுதான். கருவாடு கழுவின தண்ணீரை வீணாக்குவானேன் என்று அதையும் கொண்டுபோய் ஊற்றினேன். அது உப்புத் தண்ணீர் என்று என் புத்திக்கு எட்டவில்லை. போதாததற்கு ஊற்றுகிற தண்ணீர் மண்ணில் நிற்காமல் ஓரத்தோடு இறங்கி அடி ஓட்டை வழியாக அப்படியே ஓடியது. அந்த ஓட்டையில் வேர் வெளியே எட்டிப் பார்த்தது. மரத்துக்குப் பசி போலிருக்கிறது என்று இன்னும் ஒரு சட்டி ஊற்றினேன்.

ஒருநாள் சாயங்காலம் சத்யப்பிரியா என்னிடம் கேட்காமலே உன் அத்தை நாகலெட்சுமியைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டாள். உன் அத்தை வனத்துறை நர்சரியில் பதினைந்து வருஷம் பையில் மண் நிரப்பி நாற்று வளர்த்தவள், அது சரிதான். ஆனால் நீ வந்து இறங்கிய அன்று, தை மாதம், புதன்கிழமை, நாலரை மணி பஸ், சாம்பல் கலர் சேலையில் அவள் பஸ் ஸ்டாப்பில் நின்று நாலு பேர் கேட்க, சீரோட போனவ செடியோட வந்து எறங்குறா பாரு என்று சொன்னது ஆறு வருஷமாக என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து அவள் வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் போனதில்லை. என் கூடப்பிறந்தவளிடம் நீ பேசாமல் இருக்கலாமா என்று உன் அப்பா சாகும்வரை சொன்னார், கேட்கவில்லை.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே தொட்டிக்குப் போனாள். சிமெண்டு விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்து, என்னத்த மதினி ஊத்துன இதுக்கு, உப்புக் கரிக்கிது என்றாள். ஆறு வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு அது. சத்யப்பிரியாதான் அம்மாச்சி கருவாட்டுத் தண்ணி ஊத்துச்சு என்று போட்டுக்கொடுத்தாள். இவள் சிரிப்பாள், ஊரெல்லாம் சொல்லுவாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தொட்டி மாத்தணும், இந்த மாசம் மாத்துற மாசம் இல்ல, வெயில் தணிஞ்சு ஒரு மழ விழுந்தப்பறம் செய்யணும், அதுவரைக்கும் இது தாங்காது, இப்பமே செய்வோம் என்றாள்.

மரத்தைச் சாய்த்துப் பார்த்தோம், உருவிப் பார்த்தோம், வரவில்லை. சுத்தியலை எடுத்து வந்து தொட்டியை உடைக்கப் போனாள். மகள் வாங்கிவைத்த தொட்டி என்று நான் குறுக்கே நின்றேன். தொட்டி வேணுமா மதினி, மரம் வேணுமா, ஒண்ணச் சொல்லு என்றாள். நகர்ந்துகொண்டேன். நாலு அடியில் தொட்டி விண்டது. உள்ளே மண்ணே இல்லை ஆத்தா, வேர் வேரைச் சுற்றி, தலையில் வைக்கிற சும்மாடு மாதிரி இறுகிக் கிடந்தது. அந்தச் சும்மாட்டை ஊரணித் தண்ணீரில் மூன்று தரம் அலசினாள். விரலை விட்டு மெதுவாகப் பிரித்து, கறுத்து நசநசவென்று இருந்த வேரை அரிவாள்மனையில் நறுக்கிவிட்டு வெள்ளை வேரை விட்டாள். நான் இனிமேல் இடம் பத்தாமல் போகவே கூடாது என்று பெரிய நீல டிரம்மைக் கொண்டுவந்து வைத்தேன். பிள்ளைக்குச் சட்ட கேட்டா பந்தல் துணிய எடுத்தாறியே, இருந்ததவிட நாலு விரல் அகலம் போதும், ரொம்ப மண்ணு இருந்தா ஈரம் காயாம மிச்ச வேரும் அழுகிப்போகும் என்று தன் வீட்டு மண்தொட்டியைத் தூக்கி வந்தாள். அடியில் ஓட்டுச்சில்லு, மேலே செம்மண், ஆற்றுமணல், மக்கின ஆட்டு எரு. தண்டு முன்னால் எதுவரை மண்ணில் இருந்ததோ அதுவரைதான் மூடினாள், ஒரு விரல் கூட இல்லை. கொப்பில் பாதியை வெட்டி, நிழலுக்குத் தென்னங்கீற்றைச் சாத்தினாள்.

பிறகு இருபத்திரண்டு நாள் ஒன்றும் இல்லை. நான் நகத்தால் பட்டையைக் கீறிக் கீறிப் பார்ப்பேன், உள்ளே பச்சை இருக்கிறதா என்று. அவள் தினமும் சாயங்காலம் ஊரணியிலிருந்து ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொண்டுவந்து, மேல்மண் காய்ந்திருந்தால் ஊற்றுவாள், ஈரமாக இருந்தால் திருப்பிக் கொண்டுபோவாள். இரண்டு பேரும் பேச மாட்டோம். இருபத்துமூன்றாம் நாள் கணுவில் கடுகளவு துளிர். அன்றைக்கு அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இன்றைக்கு விழுந்த மூன்று பூவில் ஒன்றைச் சாமி படத்துக்கு வைத்தேன். ஒன்று இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது, காய்ந்தாலும் காம்பின் நிறம் அவ்வளவாகப் போகாது. மூன்றாவதை நாகலெட்சுமி வீட்டுக்கு நானே எடுத்துப் போனேன். என்ன மதினி, ஒத்தப் பூவோட வாற என்றாள். நாளைக்கும் விழுகும், அங்கன வந்து பொறக்கிக்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் சொன்ன சொல்லை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, மறக்கவில்லை. ஆனால் இப்போது அதை நினைக்கும்போது கூடவே அந்தச் செம்பும் ஞாபகத்துக்கு வருகிறது, என்ன செய்ய.

வேளைக்குச் சாப்பிடு, நைட் டூட்டி முடித்து வெறும் வயிற்றில் படுக்காதே. அத்தைக்கு ஒரு போன் போடு, நான் சொன்னேன் என்று சொல்லாதே. தை மாதம் லீவில் வரும்போது மதுரையிலிருந்து கார் பிடிக்க வேண்டாம், அதே நாலரை மணி பஸ்ஸில் வந்து இறங்கு. உன் அத்தை பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். பூவோடு வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். நீ நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்தழகு