மோட்டார் ரூமில் ஒற்றைப் பல்பு

14.5.1983, சனி. கோம்பை.

அப்பாவின் மோட்டாரை இன்றைக்கு எரித்தது நான்தான். எம்.எஸ்ஸி. பிஸிக்ஸ் படிக்கிற நான்.

இந்தப் பக்கம் எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ரூம் வாசலில் ஒரு பல்பு தொங்கும். அது எரிந்தால் கரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். மத்தியானம் எங்கள் பல்பு எரிந்தது. அப்பா உரம் வாங்கக் கம்பத்துக்குப் போயிருந்தார். வாழை தண்ணீர் கண்டு நாலு நாளாகிறது. ஓடிப்போய்ப் பச்சைப் பட்டனை அமுக்கினேன். மோட்டார் சுற்றவில்லை, உறுமியது. நான் சிவப்புப் பட்டனைத் தேடுவதற்குள் புகை வந்துவிட்டது. மோட்டார் சுற்ற மூன்று பேஸிலும் கரண்டு வேண்டும்; ஒன்றில் வரவில்லை. ஒரே பேஸில் எரிகிற ஒற்றைப் பல்புக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன்.

சாயங்காலம், எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர் அதைக் கழற்ற வந்தார். "பட்டனை யாருண்ணே அமுக்குனது? வீட்டுப் பொம்பளையாளுகளா?" என்று சிரித்தார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தேன்" என்றார்.

அதுதான் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மோட்டார் திரும்பி வருவதற்குள் பேஸுக்கு ஒன்றாக மூன்று பல்பு மாட்டிவிடுவேன். மூன்றும் எரிந்தால்தான் பட்டனில் கை வைக்க வேண்டும். "கல்யாண வீடுன்னு நெனச்சு ஊர்ல எல்லாரும் வந்துருவாகடி" என்று அம்மா சிரிக்கிறாள். வரட்டும். எதற்கு மூன்று என்று கேட்பார்கள். மோட்டாரை எரித்தது யார் என்பதிலிருந்து ஆரம்பித்துச் சொல்வேன். அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும்.