கவிச்சி இல்லாத பதினாறு நாள்

ஜூலை 8, செவ்வாய்

மேல்காற்று. காலையில் பெருக்கிய வாசலில் மதியத்துக்குள் மறுபடி மணல். அவர் போய் இன்றோடு ஒன்பது நாள். இறப்புச் சான்றுக்குத் தம்பியைக் காரைக்கால் அனுப்ப வேண்டும். மீந்த பிரஷர் மாத்திரையைக் கடையில் திருப்பி எடுப்பார்களா?

பூனையைக் காணோம், மூன்று நாளாக. கருமாதி வரை வீட்டில் கவிச்சி கூடாது. தயிர்ச்சோறு வைத்தேன். முகர்ந்துவிட்டுப் போனதுதான். கடலுக்குப் போன மனுஷன் வளர்த்த பூனை, பாவம்.

ஜூலை 10, வியாழன்

அவரோடு படகில் போகும் செல்வம் துக்கம் கேட்க வந்தான். "அண்ணன் பூனைக் கதை ஒண்ணு சொல்லும்ல அண்ணி..." என்று ஆரம்பித்தவன், தலையைக் குனிந்துகொண்டான். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

அவர் கதை: மனுஷனிடம் மாடு பிடிபட்டு வந்தது. நாய் வேலை கேட்டு வந்தது. பூனையை யாரும் கூப்பிடவில்லை. வயல் பக்கம் வரிச்சிக்குடியில் எவனோ நெல் சேர்த்து வைத்தான், எலி வந்தது, எலிக்காகப் பூனை வந்தது. தற்காலிக வேலைதான். ஒருநாள் நம் ஊர்க்காரி ஒருத்தி அங்கே மீன் கூடையோடு போனாள். அன்றே பூனை எலி வேலையை ராஜினாமா செய்துவிட்டு, அவள் பின்னாலேயே கடற்கரைக்கு வந்து ஆபீசர் ஆகிவிட்டது.

சிரித்தேன். சிரித்த வாயோடு அழுகை.

சாயங்காலம் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மல்லிகா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே நம் பூனை. கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஏழு வருஷம் அவர் காலடியில் படுத்தது. அவர் இல்லாதது இந்த வீட்டில் இன்னொரு உயிருக்கும் உறைக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

செய்யக்கூடாததைச் செய்தேன். மல்லிகாவிடம் இரண்டு மத்தி வாங்கி முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தேன், பூனைக்கு. துக்கத்துக்கு வந்து தங்கியிருக்கும் நாத்தனார் மூக்கு லேசுப்பட்டதா.

"அண்ணன் போயி பதினாறு ஆவல. அதுக்குள்ள ஒங்களுக்கு வாய் கேக்குதா அண்ணி?"

பூனைக்கென்றால் யார் நம்புவார்கள். மீனை வேலிக்கு அப்பால் எறிந்தேன். அது அங்கேயே தின்றது.

ஜூலை 16, புதன்

நேற்று கருமாதி. இன்று கவிச்சி சேர்த்துச் சாப்பிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். கூட்டத்துக்குப் பயந்து பூனை வரவில்லை. நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காதீங்க அண்ணி," என்றாள். வைத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

காற்று இல்லை. குழாயில் தண்ணீர் ஐந்தரைக்கே நின்றுவிட்டது. அரை கிலோ மத்தி வாங்கினேன். ஒரு ஆளுக்கு இது அதிகம் என்பது ஆயும்போதுதான் புரிந்தது.

பூனை வேலி தாண்டி வந்தது. வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. அவர் கட்டிலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மீனுக்குத்தான் வந்தது, வேறெதற்கும் இல்லை.

தலைகளைப் போட்டேன். நறுக் நறுக்கென்று முள் கடிபடும் சத்தம். எல்லோரும் போன பிறகு இந்த வீட்டுக்குள் நான் போடாத முதல் சத்தம். முழு மத்தி ஒன்றையும் போட்டேன்.