சிகரெட் சாப்பிட்ட கதிரேசன்

ஜூலை 8, செவ்வாய்
விடியற்காலையிலிருந்து மழை. லேக் கார்டன்ஸ் முழுக்கக் கணுக்கால் தண்ணீர். துணி காயவில்லை.

எங்கள் வாட்ஸ்அப் கதைக் குழுவில் ஆளுக்கொரு பாத்திரம், முறை வைத்து எழுதுவோம். தூத்துக்குடி சுமதியுடையது கதிரேசன், ரிட்டையரான கப்பல் சமையல்காரர். அவள் அப்பா ஆஸ்பத்திரியில். குரல் அனுப்பியிருந்தாள்: "அக்கா, நான் வார வரைக்கும் கதிரேசன நீங்க எழுதுங்க. கெட்டுப்போகாமப் பாத்துக்கிடுங்க."

சரி என்றுவிட்டேன். என் பாத்திரமான தபால்காரியை எழுதவே தெம்பில்லை. அடுத்தவள் பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதுபோல் இருக்கிறது, வகிடு எங்கே என்றே தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்
லேக் மார்க்கெட்: அப்பளம், கடுகு, பெருங்காயம். மூன்றும் மறந்தாயிற்று.

பாலிகஞ்ச் ஆபீஸிலிருந்து வரும்போது பஸ்ஸில் நின்றபடியே எழுதி அனுப்பினேன்: 'மகள் மாடியேறி வரும் சத்தம். கதிரேசன் ஜன்னலோரம் நின்று சிகரெட் சாப்பிட்டார்.'

குழுவில் ஒரே சிரிப்பு. "தொட்டுக்க என்ன, அக்கா?"

நான் பிறந்து வளர்ந்தது இங்கே, வங்காளத்தில். வங்காளியில் தண்ணீர், சிகரெட் எல்லாமே சாப்பிடத்தான். கீழ்வீட்டு மாஷிமா காலையில்கூட மகனிடம் கத்தினாள், "சிகரெட் காஷ் நா!" சிகரெட் சாப்பிடாதே என்று. அது என் தமிழில் ஏறிவிட்டது.

அழிக்கப் போனேன். அதற்குள் குழுவிலிருக்கும் மதுரைக்காரர் தன் டாக்டரைக் கதைக்குள் அனுப்பிக் கதிரேசனை வாய் திறக்கச் சொல்லிவிட்டார். பதில் வந்த வரியை அழிக்கக்கூடாது, குழு விதி. சுமதி நம்பிக் கொடுத்த கதிரேசனைக் கோமாளியாக்கிவிட்டேன். அவமானம்.

ஜூலை 14, திங்கள்
சுமதியின் அப்பா சனிக்கிழமை போய்விட்டார். கதிரேசன் அவர்தானாம், அப்பாவை வைத்துத்தான் எழுதினாளாம். மதுரைக்காரர் இன்று சொல்கிறார்.

அந்த வரியை அவள் படிக்கத்தானே போகிறாள். சமைக்கவில்லை. பிரெட்.

ஜூலை 19, சனி
வெயில். இரண்டு வாளித் துணி.

சுமதி கூப்பிட்டாள். "மன்னிச்சுக்கோ சுமதி, அந்த சிகரெட்..." என்று ஆரம்பித்தேன்.

"படிச்சேன் அக்கா. ஒரு தடவ நான் படியேறி வாரதப் பாத்துட்டு அப்பா சிகரெட்ட வாயில போட்டு மென்னுட்டாவ. அம்மாட்டகூட நான் சொன்னதில்ல. ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"எனக்கு இனிமே அவர எழுத வராது. நீங்களே வச்சுக்கிடுங்க. கெட்டுப்போனாலும் பரவால்ல, சாக மட்டும் விட்டுராதீங்க."

சரி என்றேன்.

மத்தியானம் உட்கார்ந்தேன். 'கதிரேசன் சிகரெட்' வரை அடித்தாயிற்று. அடுத்த சொல்லுக்கு வெகுநேரம்.

சாப்பிட்டார்.